ஆறுமணிக்குருவி தேடுவோர் விடும் பிழைகள்

அண்ணாந்து பார்த்தபடி நடப்பதுதான் முதல் பிழை. காலையும் மாலையும் ஆறு மணி அளவில் கூவும் ஆறுமணிக்குருவி, அநேகமாக இரவில் அடையவும் சில வேளை கூவவும்தான் மரத்துக்குப் போகும். மற்ற நேரமெல்லாம் நிலத்தில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் புழு பூச்சி பொறுக்கும். பச்சை முதுகும் கறுத்த கண்பட்டையும் நிழலில் கரைந்துவிடும். குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டும். அந்த அசைவில்தான் பெரும்பாலும் பிடிபடும். வாலடிச் சிவப்பும் அப்போதுதான் தெரியும்.

இதற்காகப் பெருங்காடு தேடி அலையத் தேவையில்லை. மா, பலா நிற்கும் அடிவளவும் பற்றை மண்டிய பனங்கூடலும் போதும். ஆனால் சருகு ஈரமாகக் கிடக்க வேண்டும். நாளாந்தம் கூட்டி எரிக்கும் வளவில் அதற்கு இரை ஏது? ஆனி, ஆடியில் தேடுவதும் வீண். அப்போது அது இந்தியாவில் கூடுகட்டிக்கொண்டிருக்கும். ஒக்டோபர் வாக்கில் இங்கே இலங்கைக்கு வந்து, ஏப்ரலோடு போய்விடும்.

அடுத்தது நேரம். கடிகாரத்தில் ஆறு அடித்த பிறகு படலையைத் திறப்பவர்கள் அநேகமாகக் கோட்டை விடுவார்கள். அது பார்ப்பது வெளிச்சத்தை. யாழ்ப்பாணத்தில் நவம்பர் நடுவில் பொழுது 5.45 அளவில் சாயும். ஜனவரி நடுவில் 6.10 ஆகும். காலையில் அதே ஜனவரியில் 6.30 வரை சூரியன் வராது. ஆகவே அரை மணி முந்திப்போய் இருந்துவிடுங்கள். இரண்டு சுரமாக, தெளிந்த சீழ்க்கை கேட்கும். குண்டுக்கரிச்சானும் விடியலில் பாடும், ஆனால் அது நீட்டி, மாற்றி மாற்றிப் பாடும்.

குரல் கேட்டதும் அந்தப் பக்கம் பாய்ந்து ஓடுவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். நெருங்கினால் அது தத்திப் பற்றைக்குள் மறையும். இன்னும் நெருங்கினால் எழும்பித் தாழ்ந்த கொப்பில் குந்திக்கொண்டு அசையாது. திசையை மட்டும் குறித்துக்கொண்டு, சருகுத் திட்டு தெரியும்படி 15 மீற்றர் தள்ளி, மரத்தடியில் முதுகு சாய்த்து இருங்கள். இரை உள்ள திட்டுக்கு அது திரும்பி வரும். வெள்ளைச் சேட்டு வேண்டாம். இருக்குமுன் தடியால் சருகைத் தட்டிப் பாருங்கள். புடையன் பாம்பு படுத்திருக்கும் இடமும் அதுதான். மூடிய சப்பாத்து போடுங்கள்.

தொலைநோக்கி 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) நல்லது. 10x25 போன்ற சின்னது மங்கல் வெளிச்சத்தில் கறுப்பாகத்தான் காட்டும்.

கைபேசியில் அதன் குரலைப் போட்டு அழைப்பது குறுக்குவழிதான், வரவும் செய்யும். ஆனால் குளிர்காலத்திலும் தனக்கென்று எல்லை வைத்திருக்கும் குருவி அது. எதிரி நுழைந்துவிட்டான் என்று இரை தேடுவதை விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி அலையும். திரும்பத் திரும்பப் போட்டால் பிறகு குரல் கேட்டாலும் வெளியே வராது.