வெடிப்பைத் தேடும் முன் அதை மூடிவிடாதீர்கள்

சீனக்குடாவில் பயிற்சி விமானங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்து, இப்போது விமானப் பராமரிப்புப் படிக்கும் திருகோணமலைப் பிள்ளைகள் சிலர் விடுமுறையில் என்னிடம் வருவார்கள். கட்டுப்பாட்டுப் பாகங்களில் வெடிப்புப் பார்ப்பது பற்றிப் பேச்சு வந்தால், நாங்கள் பழகிய காலத்துப் பிழைகள் அப்படியே அவர்கள் கையிலும் இருக்கின்றன. கையேட்டைத் திறக்காமல் தொடங்குவது, மங்கல் வெளிச்சத்தில் பார்ப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பளபளக்கத் தேய்ப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். அலுமினிய பெல்கிராங்க் (கட்டுப்பாட்டுக் கேபிளின் இழுப்பைத் திசை மாற்றிக் கொடுக்கும் நெம்பு) ஒன்று மேசைக்கு வருகிறது. பெயின்ட், கிரீஸ், கடற்காற்றில் பூத்த வெள்ளைப் பொடி எல்லாம் அதில் இருக்கும். பொடியன் உடனே எமரி பேப்பரை எடுத்துவிடுவான். "அண்ணா, சுத்தமா இருந்தாத்தானே வெடிப்புத் தெரியும்?"

சுத்தம் வேண்டும், சரி. ஆனால் அலுமினியம் மென்மையான உலோகம். தேய்க்கத் தேய்க்க மேற்பரப்பு வெண்ணெய் மாதிரி இழுபட்டு வெடிப்பின் வாயை மூடிவிடும். வாய் திறந்திருந்தால்தான் பெனட்ரன்ட் என்ற ஊடுருவும் சிவப்புச் சாயம் உள்ளே போகும். மூடிவிட்டால், உள்ளே போன சாயத்தை வெளியே இழுத்துக் காட்ட மேலே பூசும் வெள்ளை டெவலப்பர் வெள்ளையாகவே இருக்கும், 'வெடிப்பு இல்லை' என்று கையெழுத்தும் விழும். வெடிப்பு போல்ட் துளையோரத்தில் அப்படியே இருக்கும்.

ஒரு பட்டறையில் இப்படித் தேய்த்த பாகத்தை மூத்த பரிசோதகர் ஒருவர் கண்டுபிடித்தார். இழுபட்ட உலோகத்தை ரசாயனத்தால் அரித்து எடுத்துவிட்டு மறுபடி பார்க்கலாம். ஆனால் அந்தப் பையன் பேரிங் உட்காரும் துளையையும் தேய்த்திருந்தான். அளவு எல்லை மீறிவிட்டது, பாகம் குப்பைக்குப் போனது. புதியது வெளிநாட்டிலிருந்து வரும்வரை விமானம் ஹாங்கரில் நின்றது. அது சின்ன நட்டம். அந்த பெல்கிராங்கில் வெடிப்பு இருந்ததா என்பது கடைசிவரை தெரியாமல் போனதே பெரிய நட்டம். இருந்தது என்று தெரிந்திருந்தால் மறுபக்கத்துப் பாகத்தையும் அன்றே கழற்றியிருப்பார்கள்.

பெயின்டைக் கையேடு அனுமதிக்கும் ஸ்ட்ரிப்பரால் எடுங்கள், கிரீஸைக் கரைப்பானால் எடுங்கள். அப்புறம் முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் நிற்கும் வெடிப்புக்குள் சாயம் இறங்காது.

வெயிலில் வைத்துப் பூசுவது

வழக்கமான பெனட்ரன்டுக்குப் பாகத்தின் வெப்பம் ஏறக்குறைய 4 முதல் 52 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். கச்சான் என்ற சூடான காற்று அடிக்கும் மாதங்களில் வெளியில் கிடந்த உலோகத்தைத் தொட்டுப் பாருங்கள், புரியும். சூட்டில் சாயம் காய்ந்துவிடும். நிழலில் ஆறவிட்டுப் பூசி, குறைந்தது 10 நிமிடம் விடுங்கள். டின்னில் அதற்கு மேல் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

கிளீனரை நேரே பாகத்தில் அடிப்பது

கூடாது. மேலே மிஞ்சிய சாயத்தை எடுக்கக் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள்.

உருக்குப் பாகத்தை ஒரு திசையில் மட்டும் காந்தமாக்குவது

உருக்கில் வெடிப்புத் தேட, பாகத்தைக் காந்தமாக்கி இரும்புத்தூள் போட்டுப் பார்ப்போம். காந்தப்புலத்துக்கு இணையாக ஓடும் வெடிப்பு அதில் தெரியாது. இரண்டு திசையிலும் பாருங்கள், முடிந்ததும் காந்தத்தை நீக்குங்கள்.

"இதில் ஒன்றும் இருக்காது"

1989 ஜூலை 19இல் அமெரிக்காவின் சியூ சிட்டியில் விழுந்த யுனைடெட் 232 விமானத்தில் வால்பக்க இஞ்சினின் விசிறித்தட்டு உடைந்தது. சிதறிய துண்டுகளால், கட்டுப்பாடுகளை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் மூன்று ஹைட்ராலிக் தொகுதிகளும் செயலிழந்தன, கட்டுப்பாடுகள் எதுவும் வேலை செய்யவில்லை. 112 பேர் இறந்தார்கள். அதே தட்டு முந்தைய ஆண்டு பெனட்ரன்ட் சோதனைக்குப் போய் வந்திருந்தது. வெடிப்பு அப்போதே கண்டுபிடிக்கக்கூடிய அளவில் இருந்தது என்றது விசாரணை. சாயம் பொய் சொல்லாவிட்டாலும், பார்க்கும் கண் எதையும் எதிர்பார்க்காமல் பார்த்தால் தவறவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நம்புவது

கேபிள் முனைகளும், கேபிளை இறுக்கும் திருகு இணைப்புகளான டேர்ன்பக்கிள்களும் மின்னுவதைப் பார்த்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உப்பிலுள்ள குளோரைடும் இழுவிசையும் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வெடிக்கும். பைப்பர் விமானங்களின் கிடைவால் கேபிள்களுக்காக அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013இல் கட்டாயப் பரிசோதனை ஆணையே போட்டது. திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவின் காற்றில் நிற்கும் விமானத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். திருகு தளராமல் இருக்கப் போடும் பூட்டுக் கம்பி சுற்றியிருக்கும் இடத்தில்தான் உப்பும் அழுக்கும் தேங்கும். அதனால் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, முனையைத் துடைத்து, 10 மடங்கு பூதக்கண்ணாடியால் சுற்றிவரப் பாருங்கள். பிறகு புதுக் கம்பி போடுங்கள்.