வெயில் ஊரில் ஷாலிமார் பூசிக்கொள்வது எப்படி

பெர்ஃப்யூம் கடையில் ஷாலிமார் என்ற பிரெஞ்சு செண்ட்டை அட்டையில் அடித்து முகர்ந்ததும் முகம் சுளித்து வைத்துவிடுகிற பெண்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. "கொஞ்சம் இருங்க, அரை மணி நேரம் கழிச்சு முகர்ந்து பாருங்க" என்று சொல்லத் தோன்றும். அதற்காகவே இதை எழுதுகிறேன். நான் திருச்சியில் பிளஸ் டூ வேதியியல் டீச்சர். குவைத்தில் நர்ஸாக இருந்த சித்திதான் எனக்கு இந்த செண்ட்டைப் பழக்கிவிட்டார். குளிரூரில் இருக்கிறவர்கள் எழுதும் யோசனைகளில் பாதி நம் ஊர் வெயிலுக்குச் சரிவராது. அதனால் வருஷத்தில் பெரும்பகுதி வியர்க்கிற ஊரில் இதை எப்படிப் பூசுவது என்பதை நான் பழகியபடி சொல்கிறேன்.

முதலில் இது என்ன சரக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். கெர்லான் 1828-ல் பாரிஸில் ஒரு குடும்பக் கம்பெனியாகத் தொடங்கியது. அந்தக் குடும்பத்து ஜாக் கெர்லான் 1921-ல் ஷாலிமாரை உருவாக்கினார். 1925-ல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில் அது பெரிதாகப் பேர் வாங்கியது. விசிறி மாதிரி நீல மூடி வைத்த அந்த பாட்டிலை வடிவமைத்தவர் ரேமோன் கெர்லான், செய்து கொடுத்தது பக்காரா கண்ணாடிக் கம்பெனி. ஷாஜகானும் மும்தாஜும் ஷாலிமார் தோட்டத்தில் காதலித்த கதையைச் சொல்லித்தான் இதை விற்றார்கள். ஆனால் அந்தப் பேருள்ள ஸ்ரீநகர்த் தோட்டம் 1619-ல் ஜஹாங்கீர் போட்டது. அதே பேருள்ள லாகூர்த் தோட்டத்தை ஷாஜகான் கட்டத் தொடங்கியது 1641-ல், மும்தாஜ் இறந்து பத்து வருஷம் கழித்து. கதையை விடுங்கள், உள்ளே இருக்கும் வாசனை அந்தக் கதையைவிட உசத்தி.

அதில் நடுநாயகம் வெனிலா. கொடியில் காய்க்கிற வெனிலாவின் வாசனைக்கு முக்கியக் காரணம் வெனிலின் என்ற பொருள். 1874-லேயே அதை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். அதன் மூலக்கூறில் மீத்தாக்ஸி தொகுதி இருக்கும் இடத்தில் ஈத்தாக்ஸி தொகுதியை வைத்தால் எத்தில் வெனிலின். ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான் கூடுதல், வாசனையோ இரண்டு மூன்று மடங்கு தூக்கலாகிவிடும். என் மாணவிகளுக்கு இந்தப் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைவேன். 1889-ல் கெர்லான் கொண்டுவந்த ஜிக்கி என்ற செண்ட்டில் ஜாக் இந்த எத்தில் வெனிலினை ஊற்றிப் பார்த்ததில் பிறந்ததுதான் ஷாலிமார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, வாசனையில் இரண்டுக்கும் இருக்கிற உறவு யாருக்கும் தெரியும்.

வெறும் வெனிலா என்றால் ஐஸ்கிரீம் வாசனையோடு நின்றுவிடும். ஷாலிமாரின் தித்திப்புக்கு அடியில் புகை, தோல், பிசின், கொஞ்சம் மிருக வாடை எல்லாம் இருக்கின்றன. அதனால்தான் அது குழந்தைத்தனமாக இல்லாமல் ஒரு வளர்ந்த பெண்ணின் உடம்பு வாசனையாக ஆகிறது. இதைப் பிரித்து முகர உங்கள் மூக்குக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுங்கள். வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் நமக்குப் பழகியவைதான்.

நாட்டு மருந்துக் கடையில் பால் சாம்பிராணி கேட்டு வாங்குங்கள். எங்கள் ஊரில் பெரிய கடை வீதிப் பக்கம் போனால் கிடைக்கும். கம்ப்யூட்டர் சாம்பிராணி இதற்கு உதவாது. கட்டியை நெருப்பில் போடாமல் முதலில் கையில் வைத்து உரசி முகருங்கள். லேசான தித்திப்பு தெரியும். சயாம் நாட்டுச் சாம்பிராணியில் இயற்கையாகவே கொஞ்சம் வெனிலின் உண்டு. ஷாலிமாரின் அடிவாசனையில், அதாவது கடைசி வரை நிற்கிற வாசனையில், சாம்பிராணிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத் தலைக்குப் புகை காட்டின வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் சட்டென்று பிடிபடும். சங்கப் பாடல்களில் கூந்தலுக்கு அகில் புகை ஊட்டிய பெண்கள் காலத்திலிருந்தே, புகையும் தித்திப்பும் பெண்ணின் தலைமுடியும் சேர்ந்த வாசனை நமக்கு அழகுதான்.

அடுத்தது புனுகு. பழைய ஷாலிமாரில் உண்மையான புனுகு இருந்தது, இப்போது ஆய்வகத்தில் செய்ததைச் சேர்க்கிறார்கள். திருப்பதியில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பிறகு பெருமாளுக்குச் சாத்துகிற அதே புனுகுதான். நேராக முகர்ந்தால் குமட்டும். அரிசி மணி அளவில் கால்வாசியை எண்ணெயில் கரைத்தால் சூடான, மென்மையான ஒரு வாசனை வரும். மேலே மிதக்கிற சிட்ரஸுக்கு பெர்கமாட் என்று பெயர், இத்தாலியின் கலாப்ரியாவில் விளைகிற பழம். ஏர்ல் கிரே டீத்தூள் டப்பாவைத் திறந்தால் வருவது அதே வாசனை. ஷாலிமாரில் இருக்கிற கூமரின் என்றால் காய்ந்த புல்லின் இனிப்பு, டோங்கா என்ற கொட்டையிலிருந்து வருகிறது. அறுப்பு முடிந்து வெயிலில் கிடக்கும் வைக்கோலிடம் போய் நின்றால் கிட்டத்தட்ட அது கிடைக்கும். ஐரிஸ் என்ற பூச்செடி வேரின் பவுடர் வாசனைக்கு மட்டும் இங்கே ஈடு எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது தோலில் அடித்துப் பாருங்கள். அட்டையை நம்பாதீர்கள், அதில் சூடு கிடையாது. முழங்கை உட்பக்கத்தில் ஒரே ஒரு அடி. முதல் பத்து பதினைந்து நிமிஷம் எலுமிச்சையும் தாரும் ரப்பரும் கலந்த மாதிரி ஒரு கரடுமுரடு இருக்கும். கடையில் எல்லாரும் கீழே வைத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். கையைக் கீழே போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். அரை மணி கழித்து பெர்கமாட் அடங்கி, பவுடரும் கொஞ்சம் ரோஜாவும் மல்லிகையும் எழும். அதற்கப்புறம் இரண்டு மூன்று மணி நேரத்தில் வெனிலா, சாம்பிராணி, புகை எல்லாம் ஒன்றாகி, எதையும் தனியாகப் பிரிக்க முடியாத ஒரு கதகதப்பு வரும். ஷாலிமார் என்பது அந்தக் கதகதப்புதான். ராத்திரி பூசினால் காலையில் தலையணை உறையில் இருக்கும். வெனிலின் லேசில் ஆவியாகாது என்பதே அதற்குக் காரணம்.

மணிக்கட்டில் அடித்து இரண்டையும் உரசினால் மூலக்கூறு உடைந்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். அப்படி எதுவும் உடையாது. உரசின சூட்டில் மேல்வாசனை சீக்கிரம் பறந்துவிடும், அவ்வளவுதான். ஷாலிமாரில் அந்த பெர்கமாட்டை முழுசாக ரசிக்க வேண்டும் என்பதால் நான் உரசுவதில்லை.

எங்கே பூசுவது என்பதில்தான் நம் ஊர் வித்தியாசம். பாரிஸ் குளிரில் கழுத்து, காது மடல், மணிக்கட்டு எல்லாம் சரி. இங்கே கழுத்தில் வியர்வை வழிகிறது. சூட்டிலும் ஈரப்பதத்திலும் தித்திப்பு வாசனை இரண்டு பங்கு தூக்கலாகிறது. கழுத்தில் அடித்தால் அது உங்கள் மூக்குக்கு நேர் கீழே நின்று தலைவலி கொண்டுவரும். ஆகவே கீழே பூசுங்கள். முழங்காலுக்குப் பின்னால், கணுக்காலுக்கு மேல், இடுப்பின் பின்பக்கம். வாசனை சூட்டோடு மேலே ஏறி வரும்போது நயமாகிவிடும். புடவை கட்டுகிறவர்களுக்கு நான் சொல்கிற இடம் உள்பாவாடையின் கீழ் விளிம்பு. கட்டுவதற்கு முன்னால் ஒரு கை நீளம் தள்ளிப் பிடித்து ஒரு அடி. நடக்கும்போது கொசுவம் விரிந்து மடங்க, வாசனை விட்டு விட்டு வரும். பருத்தி உள்பாவாடையில் சாயங்காலம் வரை நிற்கும். பட்டுப் புடவையிலோ வெள்ளை ஜாக்கெட்டிலோ நேராக அடிக்காதீர்கள். ஷாலிமார் தேன் நிறம், கறை விழும், பட்டில் விழுந்த கறை போகாது. வெயிலில் போகும் நாளில், வெளியே தெரிகிற தோலில் எந்த சிட்ரஸ் செண்ட்டும் வேண்டாம்.

அளவு: பகலில் ஒன்று, ராத்திரி இரண்டு. அதற்கு மேல் எந்தச் சூழ்நிலையிலும் கிடையாது. அரை மணியில் உங்கள் மூக்கு பழகிப்போய் வாசனையே இல்லாத மாதிரி தோன்றும், மற்றவர்களுக்கு அது அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் மறுபடி அடித்துக்கொள்வதுதான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்புவதற்குக் காரணம். சந்தேகம் இருந்தால் வீட்டில் யாரையாவது கேளுங்கள். என் வீட்டில் என் மகள்தான் நடுவர். "அம்மா, வாசல்லயே தெரியுது" என்றால் அன்றைக்குக் கூடிப்போச்சு என்று அர்த்தம்.

தோல் வறண்டிருந்தால் எதுவும் நிற்காது. குளித்துத் துடைத்து, பூசப் போகும் இடத்தில் வாசனையில்லாத வாஸ்லின் கடுகளவு தடவுங்கள். செக்குத் தேங்காய் எண்ணெயும் நல்லதுதான், ஆனால் அதன் வாசனை வெனிலாவோடு சேர்ந்து பலகார வாடை ஆகிவிடும். வாசனைப் பவுடரையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

பூ விஷயம் கொஞ்சம் நுணுக்கம். மல்லிகையும் ஷாலிமாரும் இரண்டுமே ராணிகள். மூன்று முழம் மல்லிகை வைத்துக்கொண்டு ஷாலிமாரும் பூசினால் இரண்டையும் ரசிக்க முடியாது. மல்லிகையிலேயே இண்டோல் என்ற கனமான, கொஞ்சம் மிருக வாடையுள்ள பொருள் இருக்கிறது. அது ஷாலிமாரின் அடிவாசனையோடு சேர்ந்து மூச்சு முட்ட வைக்கும். கல்யாண வீட்டுக்கு மல்லிகை வைத்தால் செண்ட் வேண்டாம். ஷாலிமார் பூசுகிற நாளில் கனகாம்பரம் வையுங்கள். நிறம் கண்ணைப் பறிக்கும், மணம் கிடையாது. ஒற்றை ரோஜாவும் பொருந்தும். ஜாதிமல்லியை மட்டும் அரை முழத்துக்கு மேல் போகாமல், சாயங்காலம் வைத்துப் பார்த்திருக்கிறேன், அழகாக இருந்தது.

எப்போது பூசலாம்? ஐப்பசி, கார்த்திகை மழைநாள் சாயங்காலம் இதற்கென்றே அமைந்த மாதிரி. வெளியே ஈரம், உள்ளே புகையும் வெனிலாவும். மார்கழிக் காலையும் நன்று. அக்னி நட்சத்திரத்தில் பகல் நேரத்துக்கு வேண்டவே வேண்டாம். ஏசி ஹாலில் கச்சேரிக்குப் போகிறீர்கள் என்றால் பாதி அடி போதும், பக்கத்து நாற்காலிக்காரர் மூன்று மணி நேரம் எழுந்து போக முடியாது. ஆஸ்பத்திரிக்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் பூசிக்கொண்டு போகாதீர்கள். நான் பள்ளிக்கூடத்துக்கும் பூசுவதில்லை, மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள்.

இதையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். இது ஆசையின் வாசனை. அப்படித்தான் செய்திருக்கிறார்கள். புனுகும் தோலும் வெனிலாவும் சேர்த்ததே உடம்புக்குப் பக்கத்தில் வருகிற ஒருவர் இன்னும் பக்கத்தில் வர வேண்டும் என்பதற்காக. பிள்ளை பெற்று, ஐம்பதைத் தொட்ட பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. ஐம்பதைத் தொட்ட பெண்ணுக்குத்தான் இது ரொம்பப் பொருந்தும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். இருபதில் இந்தப் புகையும் தோலும் பெரும்பாலும் பயமுறுத்தும். வீட்டில் தனியாக, குளித்துவிட்டு, பழைய சுங்குடிப் புடவையைக் கட்டிக்கொண்டு, யாருக்காகவும் இல்லாமல் ஒரு அடி பூசிக்கொள்ளுங்கள். புருஷன் பக்கத்தில் இருக்கிற ராத்திரிக்கும் பூசிக்கொள்ளுங்கள். இரண்டும் உங்கள் உரிமை.

வாங்கும்போது முதலில் சின்னக் குப்பியில் சாம்பிள் வாங்கி, வெயில் நாளில் ஒரு தடவை, மழை நாளில் ஒரு தடவை பூசிப் பாருங்கள். அதற்கப்புறம் பெரிய பாட்டில். ஓ டி டாய்லெட் என்று போட்டிருப்பதில் பெர்கமாட் தெளிவாக, காற்றோட்டமாக இருக்கும், நம் ஊர்ப் பகலுக்கு அதுதான் தோது. ஓ டி பர்ஃபம் கனம், வெனிலா தடிப்பு, சாயங்காலத்துக்கு. எக்ஸ்ட்ரே என்ற மிகவும் அடர்த்தியான வகையைத் தொட்டுப் பூசுவார்கள், அது தோலோடு ஒட்டிக் கிடக்கும், எட்டிப் போகாது. நம்ப முடியாத விலைக் குறைப்பு போட்டிருந்தால் போலியாகத்தான் இருக்கும், அங்கீகாரம் உள்ள கடையில் வாங்குங்கள்.

வாங்கியதை கண்ணாடி மேஜையிலும் குளியலறையிலும் வைக்காதீர்கள். வெளிச்சமும் சூடும் முதலில் பெர்கமாட்டைத்தான் கெடுக்கும். அட்டைப் பெட்டியோடு பீரோவின் கீழ்த் தட்டில், புடவைகளுக்கு அடியில் வையுங்கள். வருஷம் ஆக ஆக நிறம் கருக்கும், வெனிலின் உள்ள எல்லா செண்ட்டும் அப்படித்தான், பயப்பட வேண்டாம். அடித்ததும் நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி ஒரு நெடி வந்தால் மேல்வாசனை கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிஷத்தில் அந்த நெடி போய்விட்டால் அடிவாசனை இன்னும் நன்றாக இருக்கிறது, வெளியே கிளம்புவதற்கு அரை மணி முன்னால் உள்பாவாடையில் அடித்துக் காய விட்டுக் கட்டிக்கொள்ளுங்கள்.