மாரிப் புயலின்போது வன்னியின் ஆறுகளைக் கடப்பது

கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் நாட்களில், இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் ஒரு பாதையால் போகலாமா என்பதை உங்கள் முற்றத்தில் பெய்யும் மழையை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. அந்தப் பாதையை ஊடறுக்கும் ஆறு எங்கிருந்து வருகிறது, அதன் மேற்பக்கத்தில் எந்தக் குளங்கள் நிரம்பி நிற்கின்றன என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டும். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்து மழையைத் திரட்டிக்கொண்டு கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்கு வருகிறது. மன்னாரில் கடலைச் சேரும் அருவி ஆறோ அனுராதபுரத்தைக் கடந்து வருவதால், மன்னார்ப் பக்கத்து மடுவில் வெயில் எறிக்கும் நாளிலும் அதில் வெள்ளம் ஏறக்கூடும்.

ஆகவே, புறப்படுமுன் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிவித்தலையும் கிராம அலுவலர் சொல்வதையும் கேட்டறியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். குளம் வான் பாய்கிறது, அதாவது நிரம்பி மேலதிக நீர் வழிகிறது என்பதும் வான்கதவுகள் திறக்கப்படுகின்றன என்பதும் ஒன்றல்ல. கதவில்லாத வானில் நீர் பெரும்பாலும் படிப்படியாகவே கூடும். கதவுகள் திறக்கப்பட்டாலோ கீழ்ப்பக்கத்து நீர்மட்டம் குறுகிய நேரத்தில் உயர்ந்துவிடும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சியின் தாழ்நிலங்களில் இருந்தவர்கள் இதைக் கண்ணாரக் கண்டார்கள். காட்டோரச் சிறு குளங்கள் அதைவிட மோசமானவை என்பேன், ஏனெனில் அவற்றின் கட்டு உடைவதை முன்கூட்டி அறிவிக்க எவரும் இருப்பதில்லை. மேலுள்ள ஒன்று உடைந்தால் அந்த நீரைத் தாங்காமல் கீழுள்ளதும் உடையலாம்.

பாலத்தையோ மதகையோ மூடி நீர் ஓடுவதைக் கண்டால் வாகனத்தை நிறுத்தி இறங்குங்கள். நீரோரச் சேற்றில் ஒரு தடியைக் குத்திவைத்துப் பத்து நிமிடம் பாருங்கள்: தடியின் அடி நனைந்து நீர் மேலேறினால் வெள்ளம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. நீர் திடீரெனச் செம்மண் நிறமாகக் கலங்கி, சருகும் சுள்ளியும் வேலிக்கட்டைகளும் மிதந்து வரத் தொடங்கினால் தடியைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம், மேட்டுக்குப் போய்விடுங்கள். விரைந்தோடும் அரை அடி நீர் ஆளை விழுத்தும், ஓரடி நீர் சிறிய காரை மிதக்கவைக்கும், இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். கலங்கிய நீருக்கடியில் தெரு இருக்கிறதா, அரிக்கப்பட்டுப் போய்விட்டதா என்பது மேலிருந்து தெரியாது. முன்னே ஒருவர் கடந்தார் என்பது அதற்குச் சான்றாகாது.

உழவு இயந்திரம் உயரமானது என்ற துணிச்சலில் பெட்டியில் ஆட்களை ஏற்றிக் கடப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இயந்திரத்தின் பாரம் நிலத்தில் ஊன்றினாலும் பின்னால் வரும் பெட்டியை நீர் பக்கவாட்டில் தள்ளும். பெட்டி சரிந்தால் அதிலுள்ளவர்களுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இராது. இரவில் எக்காரணம் கொண்டும் கடக்க வேண்டாம்.

வெள்ளம் வடிந்தபின் தெருவை விட்டு விலகி நடக்காதீர்கள். பாம்புகள் மேட்டையும் வீட்டையும் நாடும். முதலைகள் குளத்தை விட்டு வாய்க்காலுக்கும் வயலுக்கும் வரும். போர் நடந்த இடங்களில் வெள்ளம் மிதிவெடிகளையும் வெடிபொருட்களையும் இடம்பெயர்த்திருக்கலாம் என்பதால், நேற்றுவரை நடந்த ஒற்றையடிப் பாதையையும் புதிதாக மண் ஒதுங்கிய இடத்தில் நம்ப வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிப் பொலிசாருக்கு அறிவியுங்கள்.