ரியோஹா கிரியான்ஸாவுக்கு 10 நிமிட ஐஸ் தண்ணீர்

கோடையில் 28 டிகிரி அறையில் இருந்த ரியோஹா கிரியான்ஸா (ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் பீப்பாயில் முதிரவைத்த சிவப்பு ஒயின்) பாட்டிலைத் திறப்பதற்கு முன், பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரம்பிய வாளியில் கழுத்துவரை மூழ்கும்படி 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். ஒயின் ஏறக்குறைய 17 டிகிரிக்கு வந்துவிடும். ஃப்ரிட்ஜில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெறும் ஐஸும் போதாது. கட்டிகளுக்கு இடையே காற்று நிற்கும், தண்ணீர்தான் கண்ணாடியை முழுக்கத் தொடும்.

சூடான ஒயினில் ஆல்கஹால் ஆவியே முதலில் மூக்கில் ஏறும். அது அடங்கினால்தான் டெம்ப்ரானியோ திராட்சையின் செர்ரி, பிளம் வாசம் தெரியும். பின்னாலேயே வெனிலாவும் லேசான தேங்காய் மணமும் வரும். அவை அமெரிக்க ஓக் பீப்பாய் தருபவை. கிரியான்ஸா குறைந்தது ஒரு வருடம் பீப்பாயில் கிடந்தது அல்லவா! இதனுடன் திராட்சைச் சுள்ளித் தணலில் சுட்ட ஆட்டுக்குட்டி விலாத்துண்டு அருமையான ஜோடி. இறைச்சியின் கொழுப்பு ஒயினின் துவர்ப்பை மழுக்கிவிடும். மாஞ்சேகோ சீஸும் நன்றாகச் சேரும். காரம் தூக்கலான உணவு வேண்டாம், ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும்.

15 டிகிரிக்குக் கீழே போனால் துவர்ப்பு கசப்பாக மாறும். அறையே 18 டிகிரி என்றால் வாளி தேவையில்லை. அடியில் வண்டல் படிந்த பழைய கிரான் ரெசெர்வாவுக்கும் (கிரியான்ஸாவைவிட நெடுங்காலம் முதிரவைத்த ரியோஹா ஒயின்) இது சரிவராது, அசைத்தால் கலங்கிவிடும்.