பழைய சர்வே குறிகளைத் தேடிப் போகிறீர்களா? ஆஸ்திரேலியப் புதர்க்காட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவில் காட்டு நடை போகிறவர்களில் ஒரு சாராருக்கு மலையுச்சிக் காட்சி இரண்டாம்பட்சம். பழைய நில அளவைக் குறிகளைக் கண்டுபிடிப்பதில்தான் அவர்களுக்கு ஆர்வம். முக்கோண அளவைக்காக (உச்சிக்கு உச்சி கோணம் அளந்து இடத்தைக் கணக்கிடும் முறை) உச்சிகளில் எழுப்பிய கற்குவியலும் கம்பமும் (இங்கே எல்லாரும் 'ட்ரிக்' என்றே சொல்வார்கள்), எல்லைக் கோட்டில் நட்ட மரக்கட்டைகள், பட்டையைச் செதுக்கி எண் வெட்டிய யூகலிப்டஸ் மரங்கள் என்று தேடுவதற்கு நிறையவே இருக்கின்றன. தலைநகர் கான்பெராவைச் சுற்றியுள்ள ஆட்சிப்பகுதியின் எல்லையை 1910 ஜூனில் கோரி மலையிலிருந்து பெர்சி ஷீஃப் என்ற அளவையாளர் அளக்கத் தொடங்கினார். ஹாரி மௌவட்டும் ஃபிரெடி ஜான்ஸ்டனும் அந்த வேலையில் சேர்ந்துகொள்ள, 1915-ல் அது முடிந்தது. அந்த ஆட்சிப்பகுதியிலுள்ள நமாட்ஜி தேசியப் பூங்காவுக்குள் அவர்கள் விட்டுப்போன குறிகள் சில இன்றும் இருக்கின்றன.

தேடிப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் காட்டில் தவறு செய்வதில்லை. வீட்டில் உட்கார்ந்து வரைபடம் பார்க்கும்போதே தவறு நடந்துவிடுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

எண்ணை எடுத்து அப்படியே ஜிபிஎஸ்ஸில் போடுவது

பழைய வரைபடத்திலோ பழைய குறிப்பிலோ ஒரு ட்ரிக்கின் ஆயத்தொலைவு கிடைக்கிறது. அதை போனில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். போன் காட்டும் இடத்தில் போய் நின்றால் அங்கே புதரைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "அழிஞ்சு போச்சு போல" என்று திரும்புகிறோம். குறி அழிந்திருக்காது. வடகிழக்கே 200 மீட்டர் தள்ளி அப்படியே இருக்கும்.

காரணம், ஆயத்தொலைவு எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டது என்பது. இதைத்தான் டேட்டம் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் முதலில் ஏஜிடி66, ஏஜிடி84 என்ற டேட்டங்கள் புழக்கத்தில் இருந்தன. பிறகு ஜிடிஏ94 வந்தது. இப்போது ஜிடிஏ2020. ஏஜிடியில் எழுதிய எண்ணுக்கும் ஜிடிஏ எண்ணுக்கும் சுமார் 200 மீட்டர் வித்தியாசம். உங்கள் போன் ஏஜிடி பேசுவதில்லை. ஏஜிடி எண்ணை மாற்றாமல் அதில் போட்டால், உண்மையான இடத்துக்குத் தென்மேற்கே கொண்டுபோய் நிறுத்தும். திறந்த வெளியில் 200 மீட்டர் ஒரு பொருட்டில்லை, கம்பம் கண்ணில் பட்டுவிடும். ஹேக்கியா, பாங்க்சியா புதர்கள் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கும் சரிவில் அது வேறு ஊர் மாதிரி.

ஜிடிஏ94-க்கும் ஜிடிஏ2020-க்கும் இடையே 1.8 மீட்டர்தான். ஆஸ்திரேலிய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 7 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டே இருப்பதால் வந்த வித்தியாசம் அது. நடந்து தேடுகிறவருக்கு அது ஒன்றும் செய்யாது. பழைய காகித வரைபடத்தின் ஓரத்தில் டேட்டத்தின் பெயர் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். ஆயத்தொலைவைக் குறித்துக்கொள்ளும் முன் அதைப் படியுங்கள். நண்பர் அனுப்பிய எண் என்றால், "எந்த டேட்டம்?" என்று கேட்டுவிடுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் ஏஜிடி, ஜிடிஏ இரண்டின்படியும் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

சங்கிலிக் கணக்கை மீட்டராகப் படிப்பது

நியூ சவுத் வேல்ஸின் பழைய பாரிஷ் (சிறு நிலப் பிரிவு) வரைபடங்களை வரலாற்று நிலப் பதிவு இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அளவைக் குறி தேடுகிறவருக்கு அது ஒரு புதையல். ஆனால் அதில் உள்ள தூரங்கள் சங்கிலியிலும் லிங்க்கிலும் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 20.1168 மீட்டர். ஒரு சங்கிலிக்கு 100 லிங்க். ஊரில் பழைய நில வரைபடங்களில் லிங்க் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கோட்டின் மேல் 12.40 என்று எழுதியிருந்தால் அது 12 சங்கிலி 40 லிங்க், நம் கணக்கில் கிட்டத்தட்ட 249 மீட்டர். அதைப் பன்னிரண்டரை மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் மூலைக்கல் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்து ஒரே இடத்தைக் கிளறிக்கொண்டிருப்போம்.

அதே வரைபடத்தில் திசைக் கோணங்களும் இருக்கும். பழைய மனைப் படங்களில் பல, அளந்த ஆண்டின் காந்த வடக்கை வைத்து வரையப்பட்டவை. காந்த வடக்கு ஒரே இடத்தில் நிற்பதில்லை, ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. இன்று சிட்னி, கான்பெரா பகுதியில் அது உண்மை வடக்குக்கு ஏறத்தாழ 12 டிகிரி கிழக்கே இருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் காம்பஸைப் பிடித்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் பக்கவாட்டில் 200 மீட்டருக்கு மேல் விலகிவிடுவோம். பழைய கோணத்தை இன்றைய காம்பஸில் வைக்கும்போது காந்த வடக்கின் அன்றைய விலகலும் தெரிய வேண்டும், இன்றைய விலகலும் தெரிய வேண்டும். இந்த வேலையை மேஜையில் வைத்தே முடித்துவிடுங்கள். வியர்வை வழியும்போது, இலையட்டை காலில் ஏறும்போது, கூட்டல் கழித்தல் சரியாக வராது.

கிளம்பும் முன் இன்னொன்று. அரசின் அளவைக் குறிப் பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் அதன் பெயர் ஸ்கிம்ஸ். குறி கடைசியாகப் பார்த்தபோது நல்ல நிலையில் இருந்ததா, கிடைக்கவில்லையா, அழிந்துவிட்டதா, மண்ணுக்கு அடியில் இருக்கிறதா என்று அதில் போட்டிருக்கும். 'கிடைக்கவில்லை' என்பதும் 'அழிந்துவிட்டது' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் எனக்குத் தனி ஆசை உண்டு, அங்கேதான் தேடுவதற்கு அர்த்தம் இருக்கிறது.

எதைத் தேடுகிறோம் என்பதே தெரியாமல் போவது

ட்ரிக் என்றதும் கம்பமும் அதன் உச்சியில் கறுப்புத் தகடும் நம் மனதில் வருகின்றன. அவை தூரத்திலிருந்து தியோடலைட்டில் (கோணம் அளக்கும் கருவி) பார்ப்பதற்காக வைத்தவை, அவ்வளவுதான். உண்மையான குறி அதற்கு நேர் கீழே, பாறையில் துளைத்த சின்னக் குழியாகவோ பதித்த உலோக முளையாகவோ இருக்கும். கம்பம் விழுந்து, கற்கள் சரிந்து, பார்க்க ஒன்றுமில்லாத உச்சியிலும் அந்தக் குழி இருக்கக்கூடும். பின்னாளில் வந்த கான்கிரீட் தூண்களில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கும். தூண் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தவறவிட முடியாது. பழைய கற்குவியல்கள்தான் சோதிக்கும். கண்டுபிடிக்க ஒரு துப்பு: அந்தக் காலத்தில் பார்வைக் கோட்டுக்காக உச்சியின் மரங்களை வெட்டினார்கள். இப்போது அங்கே நிற்பவை பெரும்பாலும் அதற்குப் பின் வளர்ந்தவை. ஒரே வயதுள்ள ஒல்லி மரங்கள் உச்சியை மட்டும் மூடியிருந்தால் அங்கே நின்று நிதானமாகத் தரையைப் பாருங்கள்.

எல்லைக் கோட்டுக் குறிகள் இன்னும் அடக்கமானவை. கான்பெரா எல்லையில் மரக்கட்டையை நட்டு, கோடு போகும் திசையில் இருபுறமும் ஆழமில்லாத குழி வெட்டினார்கள். மண் இடம் கொடுக்காத இடத்தில் கற்களை வரிசையாக அடுக்கினார்கள். கட்டை மக்கிப் போயிருக்கலாம், எரிந்திருக்கலாம். கல்வரிசை நின்றுவிடும். காய்ந்த இலைச்சருகுக்கு மேலே நான்கைந்து கற்களின் முதுகு மட்டும் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணக் கற்கள்தான். குனிந்து, அவை போகும் திசையில் கண்ணை வைத்துப் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் நிற்கும். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபுறமும் அதே கோடு தொடரும். நடுவில் இருக்கும் அந்தக் காலி இடத்தில்தான் கட்டை இருந்தது. நடந்துகொண்டே பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. நிற்க வேண்டும், குனிய வேண்டும்.

அப்புறம் மரங்கள். அளவையாளர் ஒரு மரத்தின் பட்டையையும் மேல் மரத்தையும் கோடரியால் செதுக்கி, அந்த வழவழப்பில் அகன்ற அம்புக் குறியையும் எண்ணையும் உளியால் வெட்டுவார். மரம் வளர வளர, காயத்தின் இரு ஓரங்களும் உதடு போலத் தடித்து உள்ளே மூடிக்கொண்டு வரும். பலர் இங்கே ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள்: நூறு ஆண்டில் மரம் உயர்ந்திருக்குமே, குறியும் மேலே போயிருக்குமே என்று அண்ணாந்து பார்க்கிறார்கள். மரம் நுனியில்தான் உயர்கிறது. அடிமரத்தில் வெட்டிய குறி வெட்டிய உயரத்திலேயே இருக்கும். நெஞ்சளவுக்குக் கீழேயே தேடுங்கள். செங்குத்தான ஒரு தழும்பு, நடுவில் இடுக்கு, அதற்குள் சாம்பல் நிறத்தில் பழைய மரம் தெரிந்தால் அது நம்பிக்கை தரும் அடையாளம். முழுக்க மூடிவிட்ட மரத்தில் வெட்டெழுத்து உள்ளே பத்திரமாக இருக்கும். அதைப் பார்க்கும் ஆசையில் கத்தியை எடுக்கிறவர்களைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

தழும்புள்ள மரமெல்லாம் சர்வே மரம் என்று முடிவு கட்டுவதும் பெரிய தவறு. பழங்குடி மக்கள் படகுக்கும் கேடயத்துக்கும் பாத்திரத்துக்கும் பட்டை உரித்த மரங்கள் இந்தக் காடுகளில் இருக்கின்றன. அவர்கள் அடுக்கிய கல்வரிசைகளும் இருக்கின்றன. அளவையாளரின் குறிக்கும் இவற்றுக்கும் சட்டென்று வித்தியாசம் தெரியாமல் போகலாம். நியூ சவுத் வேல்ஸில் 1974-ம் ஆண்டின் தேசியப் பூங்கா மற்றும் வனவிலங்குச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அவை ஒரு மக்களின் சொத்து. சந்தேகம் இருந்தால் கை வைக்காதீர்கள், இருப்பிடத்தை ஊரறியப் போடாதீர்கள்.

ஏறுவது போலவே இறங்கிவிடலாம் என்று நினைப்பது

ட்ரிக் தேடுகிறவர்கள் வழி தவறுவது பெரும்பாலும் திரும்பும்போதுதான். ஏறும்போது மலையின் கிளை முகடுகள் எல்லாம் உச்சியை நோக்கிச் சேர்ந்துகொண்டே வரும். எதில் ஏறினாலும் உச்சிக்கு வந்துவிடுவோம். இறங்கும்போது அதே முகடுகள் பிரிந்து பிரிந்து போகும். முதல் ஐம்பது மீட்டரில் பத்து டிகிரி தவறினால் வேறொரு முகட்டில் இறங்கி, வேறொரு ஓடையில் போய் நிற்போம். குறியைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் காம்பஸைப் பார்க்காமல் நடக்கத் தொடங்கும் அந்த முதல் ஐந்து நிமிடம்தான் ஆபத்து. ஏறும்போதே ஒவ்வொரு பிரிவிலும் திரும்பிப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் வந்த தடத்தைப் பதிவு செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

சிட்னியைச் சுற்றியுள்ள மணற்கல் பகுதியில் இன்னொரு சிக்கல். வரைபடத்தில் உயரக் கோடுகள் 10 மீட்டர் இடைவெளியில் இருந்தால், எட்டு ஒன்பது மீட்டர் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். இறங்க முடியாத பாறையின் மேல் நின்றுதான் அது தெரியவரும். நேர் கோடு குறுகியது என்று போகாதீர்கள்.

நேரக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். பாதையில் மணிக்கு நாலு கிலோமீட்டர் நடக்கிறவர், அடர்ந்த புதரில் ஒரு கிலோமீட்டர் போனாலே பெரிது. காட்டுத்தீக்குப் பின் சில ஆண்டுகளில் முளைத்த புதர் அதைவிட மோசம். 2020-ல் எரிந்த நமாட்ஜியில் முன்பு எளிதாகப் போன சரிவுகள் பல இப்படித்தான் மாறியிருக்கின்றன. "இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்" என்று கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கம்பம் கண்ணில் பட்டுவிட்ட பிறகு அதைப் பேச முடியாது.

காடு காடுதான்

போனில் சிக்னல் இருக்காது என்றே வைத்துக்கொண்டு போங்கள். செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்று கையில் இருக்கட்டும், அதை முறைப்படி பதிவு செய்திருக்கவும் வேண்டும். ப்ளூ மவுண்டன்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு இதை இலவசமாகவே கடன் தருகிறார்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். குறி தேடுகிறவர் பாதையில் இருக்கமாட்டார் என்பதால், எந்த முகட்டில் ஏறுகிறார் என்பதையும் அதில் சொல்ல வேண்டும்.

கற்குவியல் பாம்புக்குப் பிடித்த இடம். கல்லிடுக்கில் கை விடாதீர்கள், எட்டிப் பார்க்காமல் மறுபக்கம் கால் வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கழுவவோ நடக்கவோ கூடாது. அகலமான எலாஸ்டிக் பேண்டேஜை கடிவாயில் தொடங்கி, கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் இறுக்கமாகச் சுற்றி, அசையாமல் கட்டிவைத்து, அவசர எண் 000-ஐ அழைக்க வேண்டும். கோடையில் தீ அபாய அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பவே வேண்டாம். அபாயம் மிகுந்த நாட்களில் பூங்காவையே மூடிவிடுவார்கள்.

பல ட்ரிக்குகள் தனியார் பண்ணைகளிலும், குடிநீர் நீர்ப்பிடிப்புக்காக மூடிய பகுதிகளிலும் இருக்கின்றன. பண்ணை என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போகலாம். பலர் மகிழ்ச்சியாகச் சம்மதிக்கிறார்கள். மூடிய நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் விட்டுவிடுங்கள்.

கல்லைத் திரும்ப அடுக்கிவைப்பது

சரிந்து கிடக்கும் கற்குவியலைப் பார்த்ததும் ஒழுங்குபடுத்தத் தோன்றும். நல்ல எண்ணம்தான், ஆனால் செய்யக்கூடாது. கல் சரிந்த விதத்திலும் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்பதிலும், குறி எங்கே இருந்தது என்ற தகவல் இருக்கிறது. எல்லைக் கோடுகளில் இது இன்னும் முக்கியம். 1870 முதல் 1872 வரை அலெக்சாண்டர் பிளாக்கும் அலெக்சாண்டர் ஆலனும் அளந்த நியூ சவுத் வேல்ஸ்–விக்டோரியா நேர்கோட்டு எல்லை 2006-ல்தான் முறைப்படி அறிவிக்கப்பட்டது. அந்த எல்லைக்கு அவர்கள் தரையில் விட்டுப்போன குறிகள்தான் சாட்சி. நியூ சவுத் வேல்ஸில் 2002-ம் ஆண்டின் அளவைச் சட்டப்படி, அனுமதியில்லாமல் ஒரு குறியை எடுப்பதும் நகர்த்துவதும் சேதப்படுத்துவதும் குற்றம். பித்தளைத் தகட்டை நினைவுப் பொருளாகக் கழற்றிக்கொண்டு போவது இதில் சேரும். தூணின் மேல் ஏறி நின்று படம் எடுப்பதும் வேண்டாம்.

படம் எடுக்கும்போது குறியை மட்டும் எடுத்தால் போதாது. பக்கத்தில் ஓர் அளவுகோலையோ கையுறையையோ வைத்து ஒன்று, பத்து அடி பின்னால் போய்ச் சுற்றுப்புறத்தோடு ஒன்று, எண்ணும் எழுத்தும் தெரிய நெருக்கத்தில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வான வெயிலில், அல்லது பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். சுண்ணாம்புக்கட்டியால் பூசித் தெளிவாக்குவதைத் தவிருங்கள். ஆயத்தொலைவை எழுதும்போது பக்கத்திலேயே டேட்டத்தையும் தேதியையும் எழுதுங்கள். தேடிக் கிடைக்காவிட்டாலும் எந்தப் பகுதியைத் தேடினீர்கள், புதர் எப்படி இருந்தது, தீ போன தடயம் உண்டா என்று குறித்துவையுங்கள். குறி உடைந்தோ பெயர்ந்தோ கிடந்தால் அந்தப் படங்களோடு மாநில அளவைத் துறைக்கு எழுதி அனுப்பலாம்.