ஊருக்கே தெரிந்த கதையை எழுதும்போது விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் கதை எழுதத் தொடங்குகிறவர்களுக்கு எழுத விஷயமில்லை என்ற குறை ஒருநாளும் இருந்ததில்லை. எந்த வீட்டுத் திண்ணையில் இருந்து கதைத்தாலும் ஒரு நாவலுக்குக் காணும் சங்கதி கிடைக்கும். புதியவர்களின் கையெழுத்துப் பிரதிகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழையும் இந்தச் செழிப்பிலிருந்துதான் வருகிறது. சம்பவத்தின் பேரைச் சொன்னால் போதும், மிச்சத்தை வாசகர் நிரப்பிக்கொள்வார் என்று எழுதுகிறவர் நம்பிவிடுகிறார்.

'இடப்பெயர்வு', 'செல்லடி', 'பங்கர்', 'கிளாலிப் பயணம்' (கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்தது) என்று யுத்தகாலச் சொற்களை எழுதியவுடனே இங்கே வயது ஐம்பதைத் தொட்ட எவருக்கும் நெஞ்சு கனத்துவிடும். அந்தக் கனம் அவருடைய ஞாபகத்தில் இருந்து வருவது. கதை அதைச் சம்பாதிக்கவில்லை. "அழ வைச்சிட்டீர் தம்பி" என்று அவர் மனம் நிறைந்து சொல்வதைக் கேட்டு எழுதினவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார். 2005இல் கொக்குவிலில் பிறந்த பிள்ளைக்கோ மதுரையில் இருக்கும் வாசகிக்கோ அந்தச் சொற்களுக்குள் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அந்த இரவை நீங்கள்தான் கட்டிக் கொடுக்க வேண்டும்.

1995 ஒக்ரோபர் 30ஐ எடுத்துக்கொள்வோம். யாழ் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் யுத்தத்தால் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த நாளைப் பற்றி அனேகமாக இப்படித்தான் எழுதி வருகிறது:

"லட்சக்கணக்கான மக்கள் சொல்லொணாத் துயருடன் தம் சொந்த மண்ணை விட்டு வெளியேறினர். பரமேஸ்வரியும் கண்ணீர் மல்க நடந்தாள்."

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் பரமேஸ்வரி யார் என்று தெரியாது. லட்சம் பேரில் ஒருத்தியாக அவளும் போய்விட்டாள். இதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"பரமேஸ்வரி படலை வரை போனவள் திரும்பி வந்தாள். ஆட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். அது நின்ற இடத்திலேயே நின்றது. கொட்டிலுக்குள் இருந்த தவிட்டுச் சாக்கை அப்படியே நிலத்தில் சரித்தாள். 'எல்லாத்தையும் ஏனம்மா கொட்டுறியள்?' என்றாள் மகள். 'ரெண்டு நாளிலை வந்திடுவம், கெதியா நட' என்றாள் பரமேஸ்வரி."

இரண்டு நாளில் வருவோம் என்று வாய் சொல்கிறது. கை ஒரு மாதத்துத் தவிட்டைக் கொட்டியிருக்கிறது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதை வாசகரே கண்டுபிடிக்கிறார். துயரம், கண்ணீர், சொந்த மண் என்ற சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. கூட்டத்தைப் பற்றியும் நான் எழுதவில்லை. பெரிய சம்பவத்தை எழுதும்போது ஒரு ஆளுடைய கைக்குக் கிட்டப் போய் நிற்பதுதான் வழி. முழு ஊரையும் காட்ட வேண்டிய கடமை சிறுகதைக்கு இல்லை.

உணர்ச்சிச் சொற்களின் சங்கதியும் இதுதான். எழுதி முடித்த கதையில் வேதனை, ஏக்கம், விரக்தி, நெகிழ்ச்சி என்று வரும் இடங்களை ஒரு பென்சிலால் வட்டமிடுங்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் கதையில் ஏதாவது குறைகிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் சொல் தேவையில்லை. குறைந்தால் அந்த இடத்தில் ஒரு செயலோ ஒரு பேச்சோ இல்லாமல் இருக்கிறது. அதைத் தேடி எழுதுங்கள்.

பேச்சு என்றதும் சொல்ல நிறைய இருக்கிறது. சுன்னாகத்துத் தாய் ஒருத்தி, பல்கலைக்கழகத்தால் வந்த மகனைப் பார்த்து "எப்பப்பா வந்தே? சாப்பிட்டியாடா?" என்று கேட்கிறாள். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்கள் நம் காதுக்குள் புகுந்து இருக்கும் அளவு அவ்வளவு. "எப்ப தம்பி வந்தனி? சாப்பிட்டனியோ?" என்று அவள் கேட்டால்தான் அந்தக் குசினியில் புட்டு மணக்கும். மறுபக்கம், யாழ்ப்பாணத் தமிழ் என்று காட்டுவதற்காக ஒவ்வொரு சொல்லையும் ஒலித்தபடியே உடைத்து எழுதுகிறவர்களும் உண்டு. வாசகர் எழுத்துக்கூட்டியே களைத்துப் போவார். வினைமுடிவு, விளிப்பு, 'ஓம்', 'பேந்து' (பிறகு), 'உது' போன்ற சில இடங்களில் பேச்சைச் சரியாகப் பிடித்தாலே போதும், மிச்சத்தை வாசகரின் காது கேட்டுக்கொள்ளும்.

நம்மிடம் 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவில் 'நீர்' இருக்கிறது. கதைக்காரருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கந்தோரில் இருபது வருஷமாக "நீர் அந்த ஃபைலை எடும்" என்று சொல்லிவந்தவர் ஒருநாள் "நீ போ" என்றால், அங்கே ஒரு உறவு முறிந்துவிட்டது. அதற்கு மேல் "அவர் கோபத்துடன் கூறினார்" என்று எழுத வேண்டாம். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதைக் கதை தொடங்க முதலே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நெடுந்தீவு, குருநகர், வடமராட்சி என்று ஊருக்கு ஊர் பேச்சின் இழுவை மாறும். உங்கள் பாத்திரத்தின் ஊரில் பழக்கமில்லாவிட்டால், அங்கே போய் ஒரு தேத்தண்ணிக் கடையில் கொஞ்ச நேரம் இருந்து காது கொடுங்கள்.

காலப்பிழை அடுத்தது. அண்மையில் வாசித்த ஒரு கதையில் 1993ஆம் ஆண்டு. நல்லூரில் ஒரு வீடு. தலைக்கு மேல் மின்விசிறி சுழல்கிறது. அந்த வருஷங்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன்னாக இருந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி எரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். பற்றரியும் தடை என்பதால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். ஒருவர் சுற்ற மற்றவர்கள் செய்தி கேட்கும் அந்த முற்றத்தில் எத்தனை கதைகள் இருக்கின்றன! சுற்றுகிற பெடியனுக்குக் கை களைத்தால் செய்தி நடுவில் நின்றுபோகும். மின்விசிறி அந்தக் கதையில் ஒரு தகவலைப் பிழையாக்கியதோடு இவ்வளவையும் மறைத்துவிட்டது.

இதேபோல, 2005இல் கோண்டாவில் ஸ்டேஷனில் கதாநாயகன் ரயில் ஏற முடியாது. 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் 2014 ஒக்ரோபரில்தான் யாழ்ப்பாணம் திரும்பியது. தையில் பனம்பழம் விழவும் முடியாது. அது ஆவணியை ஒட்டிய காலம், தை என்றால் பனங்கிழங்கு. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதத்தில் வாடைக்காற்றை எழுதினால் கரையில் பிறந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். இவற்றைச் சரிபார்க்க இப்போது வழி இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, காசும் இல்லை. நீங்கள் எழுதும் மாதத்துப் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தைப் பாருங்கள். சாமான் விலை, படக்கொட்டகை, மரண அறிவித்தல் எல்லாம் அங்கே இருக்கும்.

சீதனக் கதைகளிலும் சாதிக் கதைகளிலும் ஒரு பக்கம் முழுக்க நல்லவர், மறுபக்கம் முழுக்கக் கெட்டவர் என்று எழுதுவது இன்னொரு சறுக்கல். கொடுமைக்குச் சமாதானம் சொல்லும்படி கேட்கவில்லை. கொடுமை எப்படி நடக்கிறது என்று காட்டுங்கள் என்கிறேன். மகனுக்கு டொனேஷன் (சீதனத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் காசு) கேட்கும் தாய்க்குக் கீழே கலியாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கலாம். வாங்குகிற காசு அடுத்த மாதமே வேறொரு வீட்டுக்குப் போகப் போகிறது. அவள் நாவில் நஞ்சை மட்டும் வைத்து எழுதினால் வாசகர் அவளைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் படுப்பார். அவளுடைய கணக்கையும் சேர்த்து எழுதினால் தன் வீட்டையும் நினைப்பார்.

விடியலில் சேவல் கூவித் தொடங்குவதையும், முடிக்கத் தெரியாமல் ஒருவரைச் சாகடிப்பதையும் விட்டுவிடுங்கள். முதல் பந்தியை வெட்டிப் பாருங்கள், அனேகமான கதைகள் இரண்டாம் பந்தியில்தான் தொடங்குகின்றன.

அவசரம்தான் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது. பத்துக் கதை சேர்ந்ததும் சொந்தக் காசில் தொகுப்பு, மண்டபம், மாலை, வெளியீட்டுரை, நயப்புரை. அந்த மேடையில் ஒருவரும் குறை சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது, அது கொண்டாட்ட நாள். குறை கேட்க வேண்டிய நாள் அதற்கு ஒரு வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டும். எழுதிய கதையை இரண்டு கிழமை பார்க்காமல் வையுங்கள். பிறகு வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு தடக்குகிற வசனத்தை மாற்றுங்கள். உங்களுக்கு முகத்துக்கு நேரே பிழை சொல்லக்கூடிய ஒருவரிடம் கொடுத்து, "எந்த இடத்தில் வாசிப்பை விட்டு எழும்ப நினைச்சனீங்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும்.

பட்டம் இல்லை, வயது போய்விட்டது, வேலையால் நேரமில்லை என்று சொல்கிறவர்களுக்கு டொமினிக் ஜீவாவை நினைவூட்டுவேன். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையம் நடத்தியவர். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் கொண்டுவந்தார். அந்தச் சஞ்சிகையில் முதல் கதை அச்சாகி எழுத்தாளரானவர்கள் எத்தனையோ பேர். நாளுக்கு அரை மணித்தியாலம், அரைப் பக்கம் என்றாலும் ஒரு மாதத்தில் ஒரு கதையின் முதல் வரைவு கைக்கு வரும். அல்வாயிலிருந்து வரும் 'ஜீவநதி' போன்ற சஞ்சிகைகள் இன்றும் புதியவர்களைப் போடுகின்றன. அனுப்ப முதல் அந்தச் சஞ்சிகையின் நாலைந்து இதழ்களை வாசித்துவிட்டு அனுப்புங்கள், பதில் வரும்வரை காத்திராமல் அடுத்த கதையைத் தொடங்குங்கள்.