சிறுநீரக நோய்க்கு இபிஓ ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? இதையெல்லாம் கவனியுங்கள்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம், இந்த ஊசி போட்டால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) குறையாது. எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களை உருவாக்க வைக்கும் எரித்ரோபொயட்டின் (சுருக்கமாக இபிஓ) என்ற ஹார்மோனைச் சுரப்பது பெரும்பாலும் சிறுநீரகம்தான். அது பழுதடையும்போது சுரப்பும் குறைந்து ரத்தசோகை வருகிறது, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 1989 முதல் இந்த ஊசி பயன்பாட்டில் இருக்கிறது.

ஊசியைத் தொடங்கும் முன் உடம்பின் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். உடம்பில் இரும்புச்சத்து இல்லாமல் ஊசியை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது மாவே இல்லாமல் அடுப்பைப் பற்றவைப்பது மாதிரி. பலருக்கு மாத்திரை போதாது, இரும்பை நரம்பு வழியாக ஏற்ற வேண்டிவரும். ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த மருந்தே அதைக் கூட்டிவிடக்கூடியது.

வீட்டில் போடுவதானால் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். குலுக்கக் கூடாது, இது புரதம், கெட்டுவிடும். போடுவதற்குச் சற்று முன் வெளியே எடுத்து வைத்தால் வலி குறையும். தொடை, வயிறு என்று ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த முறை இரட்டிப்பாகப் போடாமல் டாக்டரைக் கேளுங்கள்.

அப்புறம், ஹீமோகுளோபின். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதனால் மறுநாளே தெம்பு வரவில்லை என்று அளவைக் கூட்டச் சொல்லாதீர்கள். பெரும்பாலும் 10 முதல் 11.5 வரை இருந்தால் போதும் என்பார்கள், ‘இன்னும் ஏறட்டுமே’ என்ற ஆசைதான் ஆபத்து: 13 அல்லது அதற்கு மேல் கொண்டுபோக முயன்ற பெரிய ஆய்வுகளில் பக்கவாதம் போன்ற பாதிப்புகள் கூடியிருக்கின்றன. தொடக்கத்தில் மாதம் ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அளவு கூட்டியும் ஏறவில்லையா? இரும்புக் குறை, மறைந்திருக்கும் தொற்று, எங்காவது ரத்தக்கசிவு, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியில் கோளாறு, இவற்றைத் தேடச் சொல்லுங்கள்.

திடீரென்று கடுந்தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு பக்கம் மரத்துப்போவது என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். டயாலிசிஸில் இருப்பவர்கள் கையிலுள்ள ஃபிஸ்டுலாவை (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) தினமும் தொட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றிருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள்.